தூண்டிலும் சட்டமும்: ஏரிக்கரையில் எழுந்த ஒரு கேள்வி



மறைமலைநகரில் எம்மிடம் ஓதும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் என் முன் வந்து நின்றான். கையிலிருந்த பையில் நான்கு ஜிலேபிக் கெண்டைகளும் ஒரு விராலும் இருந்தன. அவன் அத்தா தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை கிடைக்காத வாரங்களில் மகன் பிடித்துவரும் மீன்தான் அவ்வீட்டின் குழம்பு.

"ஹஜ்ரத், ஏரியைக் குத்தகை எடுத்தவரோட ஆள் என் தூண்டிலை ஒடிச்சுப் போட்டுட்டார். திருட்டு மீன்னு சொன்னார். இதை அம்மாகிட்டக் கொடுக்கலாமா?" என்று கேட்டான்.

"மீன் ஹலால்தான், போ" என்று சொல்ல வாயெடுத்தேன். 'திருட்டு' என்ற சொல் என்னைத் தடுத்தது. மீனைப் பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு ஒருநாள் தவணை கேட்டேன். அன்றிரவு நூல்களைப் புரட்டியபோது கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தூண்டில் நம் மண்ணில் புதியதன்று. சூதில் பெறும் வெற்றியை, தூண்டில் இரும்பை மீன் விழுங்குவதோடு ஒப்பிடுகிறார் வள்ளுவர். அவர் காலத்திலேயே இரும்பு முள்ளும் இரையும் எல்லோரும் அறிந்த பொருள்களாக இருந்தன என்பது இதனால் விளங்கும். நம் பாட்டனார் காலத்தில் பருத்தி நூலை முறுக்கி, பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்து, நீரில் இற்றுப்போகாதபடி பதப்படுத்தினர். 1950-களுக்குப் பின் நைலான் பரவியது. இன்று அதையே தங்கூசி நரம்பு என்கிறோம். அச்சிறுவனின் கருவியைக் கேட்டறிந்தேன்: வேலியில் வெட்டிய மூங்கில் கழி, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, ஈயக்குண்டுக்குப் பதிலாக மிதிவண்டிக் கடையில் எறிந்த திருகுமரை, நரம்பைச் சுற்றிவைக்க ஒரு தண்ணீர்ப் புட்டி. விலைகொடுத்து வாங்கியவை முள்ளும் நரம்பும் மட்டுமே.

இனி, நீரில் நீந்தும் மீன் யாருடையது? நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அதன் அடிப்படையில், பொது நீரிலுள்ள மீன் பிடிக்கப்படும்வரை எவருக்கும் சொந்தமன்று, பிடித்தவனுக்கே உரியது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்தனர். நீருக்குள் இருக்கும் மீனை விற்பது நிச்சயமற்ற வணிகம் எனப் பெரும்பாலோர் தடுத்தனர். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (ரஹ்) எழுதிய 'கிதாபுல் கராஜ்' என்னும் வரிவிதி நூலில் இராக்கின் சதுப்புநீர் மீன்களை விற்பது பற்றித் தனிப்பகுதியே உள்ளது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பே மீன் குத்தகை ஓர் அரசுச் சிக்கலாக இருந்திருக்கிறது! அதே வேளையில், ஒருவர் தம் குளத்தை அடைத்து, மீன்களை விட்டு வளர்த்தால் அவை அவருடைய உடைமையே என்பதையும் அறிஞர்கள் தெளிவாக்கியுள்ளனர்.

வியப்பு என்னவெனில், ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களும் இதற்கு அருகிலேயே வந்து நின்றன. திறந்த பாசன ஏரியிலுள்ள மீன் காட்டுயிரைப் போன்றது, எவர் கைவசமும் இல்லாதது, ஆகவே அதைப் பிடிப்பது தண்டனைச் சட்டம் கூறும் திருட்டாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1900-ஐ ஒட்டிய ஒரு வழக்கில் கூறியது. அடைபட்ட குளத்து மீனின் நிலை வேறு. குத்தகைதாரரின் உரிமையும் இதனால் அழிந்துவிடவில்லை. குற்றவியல் சட்டப்படி திருட்டு இல்லையென்றாலும், பணம் கட்டிய ஒருவரின் உரிமை அங்கே நிற்கத்தான் செய்கிறது.

அரசு மீன்பிடிப்பில் தலையிட்ட வரலாறும் கவனிக்கத்தக்கது. இந்திய மீன்வளத்தை ஆய்ந்த மருத்துவர் பிரான்சிஸ் டே, குஞ்சு மீன்கள் அழிக்கப்படுவதைப் பற்றி 1873-இல் அறிக்கை அளித்தார். இந்திய மீன்வளச் சட்டம் பிறந்ததோ 1897-இல்தான். அது தடுத்தவை எவை? நீரில் வெடி வைத்தல், நஞ்சோ சுண்ணாம்போ கலத்தல். இவற்றுக்கு இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் என்று அன்று விதித்தனர். மண்ணில் ஊன்றியோ வேறு வகையில் அசையாமல் நிறுத்தியோ மீனைச் சிக்கவைக்கும் வலை, கூடு, பொறி போன்றவற்றுக்கும், வலையின் அளவுக்கும் விதி செய்யும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. கையில் பிடித்த தூண்டில் இந்தப் பொறிகளின் வரையறைக்குள் வராது.

கடலிலும் இதே போக்குதான். விசைப்படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் மோதல் முற்றிய நிலையில் 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையை ஒட்டிய மூன்று கடல் மைல் பரப்பு விசைப்படகுகளுக்கு விலக்கப்பட்டது. 2001 முதல் மீன் இனப்பெருக்கக் காலத் தடை 45 நாள்களாக இருந்தது. 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்களாக நீண்டது. துடுப்பாலும் பாயாலும் செல்லும் மரபுக் கலங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே அந்நாள்களிலும் கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ கட்டுமரத்தில் சென்று ஒருவர் கைத்தூண்டில் போடலாம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. தூண்டில் ஒவ்வொன்றாக எடுக்கிறது, வெடியும் நஞ்சும் குஞ்சோடு குலத்தையும் அழிக்கின்றன. எனவே சட்டங்கள் முந்தையதை விட்டுவைத்துப் பிந்தையதைத் தடுத்தன.

ஆனால் விட்டுவைக்கப்பட்டதாலேயே நமக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. கடலோர ஊர் ஒன்றின் மக்கள் சனிக்கிழமை மீன்பிடிக்கத் தடுக்கப்பட்ட வரலாற்றை அல்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயம் நினைவூட்டுகிறது. விரிவுரையாளர் பலர் அவ்வூரை அய்லா என்பர். வெள்ளியன்றே வலையும் குழியும் அமைத்துவிட்டு, சனியன்று சிக்கியதை ஞாயிறன்று அள்ளினார்களாம். 'சனிக்கிழமை நாங்கள் பிடிக்கவில்லையே' என்பது அவர்களின் வாதம். சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் நோக்கத்தை உடைத்தவர்கள் அவர்கள். 'திருட்டு இல்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று கூறி, குத்தகை ஏரியில் நாம் தூண்டில் போட்டால் அவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

மறுநாள் சிறுவனிடம் மூன்று செய்திகளைச் சொன்னேன். முதலாவது, நீ திருடன் அல்லன். ஆனால் பிறர் உரிமையுள்ள நீரில் கேட்காமல் இறங்கினாய், கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது, விராலுக்குத் தவளைக் குஞ்சை முள்ளில் கோப்பதாகச் சொன்னாய், அதை விட்டுவிடு. ஒரு மருத்துவர் தவளையை மருந்தில் சேர்ப்பது பற்றிக் கேட்டபோது, அதைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூத் தொகுப்பில் செய்தி உள்ளது. கெண்டைக்குக் கோதுமை மாவு உருண்டையே போதும். மூன்றாவது, அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதே. வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள் நம் மாவட்டத்து ஏரிகளில்தான் இரை தேடுகின்றன, அந்த நரம்பு அவற்றின் காலில் சுற்றும். பாதையிலுள்ள தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை அல்லவா?

பின்னர் அவனையும் அவன் அத்தாவையும் அழைத்துக்கொண்டு குத்தகைதாரரின் வீட்டுக்குச் சென்றேன். பிடித்த மீனுக்கு விலை தருவதாக அந்த அத்தா சொன்னபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. குத்தகைதாரர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "அஞ்சு மீனுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க பாய்? கொண்டுபோய்ச் சமைங்க. பையன் மதகுப் பக்கம் தூண்டில் போடட்டும். வலை மட்டும் கூடாது. நாங்க மீன் பிடிக்கிற அன்னிக்கு வரக் கூடாது" என்றார்.

அன்றிரவு அந்த வீட்டில் குழம்பு கொதித்தது. ஒடிந்த கழிக்குப் பதில் புதிய மூங்கிலைச் சிறுவன் வெட்டிவிட்டான்.

ஹலாலான உணவையும், அதைக் கேட்டுப் பெறும் துணிவையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன். அவனே யாவற்றையும் நன்கறிந்தவன்.