எத்திலீன் ஆக்சைடு எச்சக் கட்டுப்பாடு

கொதிநீராவியின் வெப்பத்தைத் தாங்காத வடிகுழாய்கள், டயாலிசிஸ் வடிகட்டிகள் போன்ற மருத்துவக் கருவிகளை எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கம் செய்தபின், அவற்றில் தங்கும் வாயுவையும் அதிலிருந்து உண்டாகும் சேர்மங்களையும் நோயாளிக்குத் தீங்கு நேராத அளவுக்குக் குறைத்து, அக்குறைவை அளந்து உறுதிசெய்யும் நடைமுறை எத்திலீன் ஆக்சைடு எச்சக் கட்டுப்பாடு எனப்படும்.

சுமார் 10.7 டிகிரி செல்சியசில் கொதிக்கும் இவ்வாயு, உயிரணுவின் புரதங்களிலும் டி.என்.ஏ.விலும் ஆல்கைல் தொகுதியை இணைத்து, அதாவது ஆல்கைலேற்றம் செய்து, நுண்ணுயிர்களைக் கொல்கிறது. மனித உயிரணுக்களும் இவ்வினைக்கு விலக்கல்ல. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இதனை மனிதரில் புற்றுநோய் விளைவிக்கும் முதல் தொகுதிப் பொருள்களுள் சேர்த்தது. உறைகளையும் குறுகிய குழாய்களையும் ஊடுருவும் இயல்பால் பயன்படும் இவ்வாயு, அவ்வியல்பாலேயே நெகிழிக்குள் கரைந்தும் தங்குகிறது. அங்குள்ள குளோரைடு அயனிகளோடு வினைபுரிந்தால் எத்திலீன் குளோரோஹைட்ரினும், நீரோடு வினைபுரிந்தால் எத்திலீன் கிளைக்காலும் உண்டாகின்றன. குளோரோஹைட்ரின் எளிதில் ஆவியாகாததால் காற்றோட்டத்தால் அதனை அகற்றுவது கடினம்.

எச்சத்தை நீக்கும் முதன்மை வழி, வெப்பக் காற்றைத் தொடர்ந்து செலுத்தும் காற்றூட்டல் ஆகும். உலோகமும் கண்ணாடியும் வாயுவை உள்வாங்குவதில்லை என்றே கூறலாம். மென்மையாக்கிய பாலிவினைல் குளோரைடும் ரப்பரும் அதனை நெடுநேரம் பிடித்துவைக்கின்றன. இத்தகைய பொருள்களுக்கு மருத்துவமனைகளில் 50 டிகிரியில் 12 மணி நேரம் அல்லது 60 டிகிரியில் 8 மணி நேரம் காற்றூட்டுவது வழக்கம். அறை வெப்பநிலையில் விட்டுவைத்தால் ஏழு நாள் ஆகலாம். மணத்தைக் கொண்டு எச்சத்தை அறிய முயல்வது ஆபத்தானது; அமெரிக்காவில் பணியிடக் காற்றுக்கு விதிக்கப்பட்ட எட்டு மணி நேரச் சராசரி வரம்பு பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே; மூக்கு உணர்வதற்கோ அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு வேண்டும்.

ஐ.எஸ்.ஓ. 10993-7 என்னும் பன்னாட்டுத் தரநிலையின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு, கருவியின் எடையைக் கொண்டன்றி, நோயாளியின் உடலில் சேரும் அளவைக் கொண்டே வரம்பு விதிக்கிறது. எத்திலீன் ஆக்சைடு முதல் 24 மணி நேரத்தில் 4 மில்லிகிராமையும், முதல் 30 நாளில் 60 மில்லிகிராமையும், நிலையாகப் பொருத்தப்படும் கருவியாயின் வாழ்நாளில் 2.5 கிராமையும் மிஞ்சலாகாது. கருவியை உண்மைப் பயன்பாட்டுக்கு ஒப்பான நிலையில் நீரில் ஊறவைத்து, நீரில் இறங்கிய எச்சத்தை வாயு வண்ணப்பிரிகை முறையால் அளக்கின்றனர். ஆயினும் இவ்வரம்புகள் 70 கிலோ எடையுள்ள வயதுவந்தோரைக் கருதி வகுக்கப்பட்டவை. ஒரே வேளையில் பல குழாய்களோடு இணைக்கப்படும் பச்சிளங்குழந்தைக்கு இவற்றை அப்படியே கொள்வது பொருந்தாது. பச்சிளங்குழந்தைகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் உரிய வரம்புகளை வகுக்கும் நெறி, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் இடம்பெற்றது.