பரபரப்பின் இலக்கணம்: திரைப் பின்னணி இசையில் தாளமும் ஒலியிழைவும்

முன்னுரை

தமிழ்த் திரையிசை வரலாறு என்று எழுதப்பெற்றவற்றுள் பெரும்பகுதி பாடல்களின் வரலாறே ஆகும். 1931ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ ஏறத்தாழ ஐம்பது பாடல்களைக் கொண்டிருந்ததை நோக்க, இச்சாய்வு வியப்பிற்குரியதன்று. பாடலாசிரியர் யார், பாடியவர் யார், அமைந்த இராகம் எது என்பனவே நம் வினாக்களாக இருந்து வந்துள்ளன. ஆனால் துரத்தல், காத்திருத்தல், மோதல் ஆகிய காட்சிகளில் பாடல் நின்றுவிடுகின்றது, இசை நிற்பதில்லை. அவ்விடங்களில் பார்வையாளரின் நெஞ்சத்துடிப்பை ஆள்வன இராகத்தினும் மிகுதியாகத் தாளமும் ஒலியிழைவுமே என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகின்றது. எந்தெந்தக் கருவிகள், எத்தனை, எந்த ஸ்தாயியில், எவ்வளவு அழுத்தத்துடன் ஒருங்கே ஒலிக்கின்றன என்பதால் உண்டாகும் நாதத் தன்மையையே நாம் இங்கு ஒலியிழைவு எனக் குறிப்பிடுகின்றோம்.

விரைவும் நெருக்கமும்

பரபரப்பு என்றால் விரைவு எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. இக்கருத்து முழுமையானதன்று. பேசும்படச் சுருள் நொடிக்கு 24 படச்சட்டங்கள் என்னும் கணக்கில் ஓடுவது. நிமிடத்திற்கு 120 தட்டுகள் என வைத்துக்கொண்டால் ஒரு தட்டுக்கு 12 படச்சட்டங்கள் அமையும். பத்து நொடிக் காட்சிக்கு 20 தட்டுகள் கிடைக்கும். அவற்றை நான்கு நான்காகப் பகுத்தால் சீரான நடையே பிறக்கும். மாறாக 8, 6, 4, 2 எனப் பகுத்து ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அழுத்தம் கொடுத்தால், அழுத்தங்களுக்கிடையிலான இடைவெளி நான்கு நொடியிலிருந்து மூன்று, இரண்டு, ஒன்று எனக் குறுகிச் செல்லும். தாளத்தின் வேகம் சிறிதும் கூடவில்லை. ஆயினும் ஏதோ ஒன்று நம்மை நெருங்கி வருவதாகச் செவி உணர்கின்றது. இதனைத்தான் நம் இசையிலக்கணம் பசுவின் வாலுக்கு ஒப்பிட்டுக் கோபுச்ச யதி என்று பெயரிட்டது. மிருதங்கக் கலைஞர் கோர்வையை முடித்துச் சமத்தில் வந்து சேரும் கணமும், திரையில் கதவு திறக்கும் கணமும் ஒன்றாகும்போது, லயக் கணக்கும் படச்சட்டக் கணக்கும் கைகோக்கின்றன எனலாம்.

முரசினுள் மறைந்த கதை

தாளம் காட்சிக்குத் துணையாக மட்டுமன்றிக் கதையாகவே மாறியதற்குச் சிறந்த சான்று ‘சந்திரலேகா’ (1948). எஸ். எஸ். வாசன் ஜெமினி நிறுவனத்திற்காகத் தயாரித்து இயக்கிய இப்படத்திற்கு எஸ். இராஜேஸ்வர ராவ் இசையமைத்தார். சசாங்கனை மணக்க இசைவதுபோல் நடிக்கும் சந்திரலேகாவின் விருப்பப்படி முரசு நடனம் நிகழ்கின்றது. அரண்மனை முன்றிலில் அடுக்கப்பட்ட மாபெரும் முரசுகளின் மீது நடனமாதர் ஆடுகின்றனர். முரசுகளுக்குள்ளோ வீரசிம்மனின் வீரர்கள் மறைந்திருக்கின்றனர். நடனம் முடிந்ததும் அவர்கள் வெளிப்பட்டுத் தாக்குகின்றனர். இங்கு முரசு இசைக்கருவி, ஆடுகளம், மறைவிடம் என மூன்று நிலைகளில் நிற்பது நோக்கத்தக்கது. கொண்டாட்டத்தின் தாளமாகக் கேட்ட அதே ஒலி, படையெடுப்பின் முன்னறிவிப்பாகப் பின்னர் பொருள்படுகின்றது.

ஒலியின்மை என்னும் கருவி

வீணைக் கலைஞரும் இளமையில் கஞ்சிரா வாசித்தவருமான எஸ். பாலசந்தர் ஏவி.எம். நிறுவனத்திற்காக இயக்கிய ‘அந்த நாள்’ (1954) இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. பாடலோ நடனமோ சண்டைக்காட்சியோ அதில் இல்லை. 1943ஆம் ஆண்டில் சப்பானியர் சென்னையில் குண்டு வீசிய நாளையொட்டி அமைந்த அக்கொலைக்கதையில், துப்பாக்கி ஓசையும் உரையாடலும் அவற்றிடையே அமையும் அமைதியுமே ஒலியிழைவின் உறுப்புகளாகின்றன. பாடலை எதிர்பார்த்து வந்த அக்காலச் செவிக்கு, பாடல் வாராமையே ஒரு பதற்றமாக இருந்திருக்கும்.

ஆறாண்டுகளுக்குப் பின்னர் அமெரிக்காவில் வெளிவந்த ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தை இங்கு ஒப்பிடுதல் தகும். பெர்னார்ட் ஹெர்மன் காற்றுக்கருவிகளையும் தோற்கருவிகளையும் முற்றாக விலக்கி, நரம்புக்கருவிகளை மட்டும் கொண்டு அப்படத்திற்கு இசை அமைத்தார். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்பது இயக்குநரின் தொடக்க எண்ணம். ஹெர்மன் எழுதியதைக் கேட்ட பின்னரே அவர் மனம் மாறினார். பிற பகுதிகளில் ஒலியடக்கி பொருத்தி வாசிக்கப்பட்ட கருவிகள், அக்காட்சியில் மட்டும் ஒலியடக்கியின்றிக் கூர்மையாக ஒலிக்கின்றன. உச்ச ஸ்தாயி வயலின்களோடு படிப்படியாகத் தாழ்ந்த கருவிகள் சேர்கின்றன. மெட்டு என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. தாளமும் ஒலியிழைவும் மட்டுமே அச்சத்தை உண்டாக்குகின்றன.

கையெழுத்தும் கணினியும்

‘அன்னக்கிளி’ (1976) வழி அறிமுகமான இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியை மேலைநாட்டு இசைக்குறிமானத்தில் தம் கையாலேயே எழுதினார். நாட்டார் தோற்கருவிகளும் வயலின் குழுவும் ஒரே தாளில் இடம்பெறுவதற்கு அம்முறை வழிவகுத்தது. 1986ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘புன்னகை மன்னன்’ படத்தின் இசையாக்கத்தில் கணினியும் இடம்பெற்றது. கணினியில் ஒரு தாளச்சுற்றை எத்தனை முறையும் சோர்வின்றித் திரும்பச் செய்யலாம். இவ்வசதி கேடன்று, ஆயின் இடைவெளி குறுகுவதும் ஒலி அடங்குவதும் இல்லாத இடத்தில், ஓயாத முழக்கம் பரபரப்பைத் தருவதில்லை. செவி விரைவில் பழகிவிடுகின்றது.

முடிவுரை

இவ்வரலாற்றை எழுதுவதில் நாம் காலந்தாழ்த்தியுள்ளோம். ‘அந்த நாள்’ படத்தின் பின்னணி இசை தனியொருவர் பெயரில் அன்றிச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழுவின் பெயரிலேயே அறியப்படுகின்றது. ஒரு பாடலைப் பாடியவரின் பெயரைப் பள்ளி மாணவரும் அறிவர். ஒரு காட்சி முழுவதும் நம்மை மூச்சடக்கி அமரச் செய்த தோற்கருவிக் கலைஞரின் பெயரை ஆய்வாளரும் அறியார். பாடல் வரிகள் அச்சேறியதால் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. அச்சேறாத இசை நம் வகுப்பறைக்கு வெளியே நின்றுவிட்டது. நம் விரிவுரைகளில் ஒரே காட்சியை முதலில் ஒலியின்றியும் பின்னர் ஒலியுடனும் திரையிட்டு, அழுத்தங்களைக் கையால் தட்டி எண்ணுமாறு மாணவரிடம் கூறுவதுண்டு. இடைவெளி குறுகும் இடத்தைக் கைகளே முதலில் கண்டுகொள்கின்றன. தமிழாசிரியர்கள் யாப்பைக் கற்பிக்கும்போது அசையையும் சீரையும் எண்ணப் பழக்குபவர்கள். அதே பயிற்சியைத் திரையிசைக்கும் விரிப்பது அவர்களுக்கு அரிதன்று. பெயரறியாக் கலைஞர்களின் உழைப்பை அங்கிருந்தே நாம் கேட்கத் தொடங்கலாம்.