தாமதித்த தாய்மை: சினைப்பை நோய் ஒன்றின் சரித்திரம்

1721-ஆம் ஆண்டில், இத்தாலி தேசத்துப் பதுவா நகரத்துப் பேராசிரியர் அந்தோனியோ வல்லிஸ்னேரி என்பவர், மனிதருடையவும் விலங்குகளுடையவும் பிறப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலில் ஒரு குடியானவப் பெண்ணைப் பற்றிய குறிப்பு வருகிறது. இளம் வயதினள், மணமானவள், சற்றே பருத்த உடலினள், பிள்ளைப்பேறு இல்லாதவள். அவளுடைய சினைப்பைகள் இரண்டும் வழக்கத்தினும் பெரியனவாய், மேடுபள்ளமாய், வெண்மையாய்ப் பளபளத்துப் புறாவின் முட்டையை ஒத்திருந்தன என்று அவர் எழுதி வைத்தார். அவள் எத்தனை ஆண்டுகள் பிள்ளைக்காக ஏங்கினாள், ஊரார் அவளை என்ன சொல்லி அழைத்தனர் என்பன மருத்துவக் குறிப்பில் இடம்பெறும் விஷயங்கள் அல்ல. ஆயினும் அவற்றை ஊகிப்பது நமக்குக் கடினமன்று. அரச மரத்தைச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவளைப் பழமொழியாக்கிச் சிரித்தவர்கள் அல்லரோ நாம்!

இன்று அந்நிலையை மருத்துவர்கள் பாலிசிஸ்டிக் ஓவரி என்கின்றனர். தமிழில் சினைப்பை நீர்க்கட்டி என்று வழங்குகிறோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இப்பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெயர்ப்பு பிழையன்று, மூலமே பிழை. மாதந்தோறும் பெண்ணின் சினைப்பையில் சில நுண்ணிய குமிழ்கள் வளரத் தொடங்குகின்றன. அவற்றுள் ஒன்று முதிர்ந்து வெடித்துக் கருமுட்டையை வெளிவிடுகிறது. இந்நோயுடையவர்களுக்கோ, பல குமிழ்கள் ஒருங்கே தொடங்கிப் பாதி வழியில் நின்று விடுகின்றன. ஸ்கேன் படத்தில் சினைப்பையின் ஓரமாக முத்துக் கோத்தாற்போல் தெரிபவை இவையே. அவை கட்டிகள் அல்ல. முதிராத முட்டைகளின் உறைகள். முட்டை இல்லாத குறை இங்கே இல்லை, முட்டை புறப்படாத குறைதான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழு ஒன்று 2012-ஆம் ஆண்டில் இப்பெயர் மயக்கம் தருவது, மாற்றத்தக்கது என்றே அறிக்கை தந்தது. அதற்குள் 'கட்டி' என்ற சொல்லைக் கேட்டே எத்தனை பேர் உறக்கம் இழந்திருப்பார்கள்!

தமிழில் இன்னொரு சொல்வழக்கு உண்டு. "நாள் தள்ளியிருக்கிறது" என்று ஒரு பெண் சொன்னால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். இந்நோயுடைய பெண்ணுக்கோ நாள் எப்போதும் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். நாற்பது நாள், அறுபது நாள், சில வேளை மூன்று மாதம். ஒவ்வொரு தடவையும் நம்பிக்கை எழுந்து விழும். தாய் வீட்டுக்கு ஆயிரம் மைலுக்கு அப்பால், தில்லியிலோ நாகபுரியிலோ, அண்டை வீட்டாரோடு அரைகுறை இந்தியில் பேசி வாழும் நம் பெண்களுக்கு இதைச் சொல்லி ஆறவும் ஆளில்லை. மருத்துவரிடம் கணவனே மொழிபெயர்ப்பாளனாக நிற்க, அந்தரங்கம் பாதி விழுங்கப்படுகிறது. மாதவிலக்கான தேதிகளை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக் கொண்டு செல்வது இத்தகையோர்க்குப் பெரிதும் உதவும். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

சரித்திரத்துக்கு வருவோம். வல்லிஸ்னேரிக்குப் பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல், இந்நோய்க்கென ஒரு பெயரும் இல்லை. ஆனால் நோயாளிகள் இருந்தனர். 1935-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மைக்கேல் ரீஸ் மருத்துவமனையைச் சேர்ந்த இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவெந்தால் என்ற இருவர் ஏழு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். விலக்கு நின்றோ ஒழுங்கற்றோ இருந்தவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், சிலருக்கு முகத்தில் ஆடவர் போல் மயிர் அரும்பியிருந்தது. சோதித்துப் பார்ப்பதற்காகச் சினைப்பையிலிருந்து சிறு துண்டு வெட்டி எடுத்தவர்கள், எதிர்பாராத ஒன்றைக் கண்டனர்: வெட்டப்பட்ட பெண்களுக்கு விலக்கு மீண்டது. அதன் மேல் இருவரும் துணிந்து, சினைப்பை ஒவ்வொன்றிலும் பாதி முதல் முக்கால் வரை ஆப்பு வடிவில் அறுத்து எடுத்தனர். ஏழு பேருக்கும் விலக்கு ஒழுங்குபட்டது, இருவர் கருவுற்றனர்.

ஏழில் இருவர் என்பது இன்று சிறு எண்ணாகத் தோன்றலாம். 'மலடி' என்ற ஒரே சொல்லால் கதவடைக்கப்பட்ட பெண்களுக்கு அது முதல் திறப்பு. பல்லாண்டுகள் இந்நோய் அவ்விருவர் பெயராலேயே வழங்கிற்று. ஆனால் கத்தி தன் கூலியை வாங்காமல் விடவில்லை. அறுத்த இடத்தில் தசைகள் ஒட்டிக்கொண்டு, கருக்குழாயின் வழியை அடைத்துவிடும் விபரீதம் பலருக்கு நேர்ந்தது. முட்டைக்கு வழிவிடப் போன சிகிச்சை அம்முட்டைக்கே வழியடைப்பதாயிற்று.

கத்திக்குப் பதிலாக மாத்திரை வந்தது 1961-இல். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ராபர்ட் கிரீன்பிளாட் குழுவினர், க்ளோமிஃபீன் என்ற மருந்தால் கருமுட்டை வெளிப்படுவதை அறிவித்தனர். அம்மருந்தின் வேலை விசித்திரமானது. பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜன் உடலில் இருப்பதை மூளை உணராதபடி அது மறைக்கிறது. சுரப்பு குறைந்துவிட்டது என்று மயங்கிய மூளை, சினைப்பைக்குக் கட்டளையை உரத்துப் பிறப்பிக்கிறது. நின்ற குமிழ் நகர்கிறது. 1967-இல் அமெரிக்க அரசு இதனை அங்கீகரித்தது. அதன் பின் அரை நூற்றாண்டு காலம் இதுவே முதல் மருந்து.

1980-இல் மற்றோர் உண்மை புலப்பட்டது. இப்பெண்களில் பலருடைய குருதியில் இன்சுலின் மிகுந்திருப்பதும், ஆண்மைச் சுரப்பின் மிகுதியோடு அது தொடர்புடையதாயிருப்பதும் அறியப்பட்டன. ஆக, சினைப்பையில் மட்டும் குடிகொண்ட நோயன்று இது. சர்க்கரை நோய்க்குரிய மெட்ஃபார்மின் மாத்திரையை இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு மருத்துவர் எழுதித் தருவது இதனாலேயே. தந்தையின் மாத்திரை தனக்கு ஏன் என்று அவள் அஞ்ச வேண்டுவதில்லை. பருத்தவர்கள் உடல் எடையை நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே சிலருக்கு விலக்கு ஒழுங்குபடுவதுண்டு. ஆனால் மெலிந்தவர்களுக்கும் இந்நோய் வருகிறது என்பதை, உபதேசம் செய்யும் உறவினர்கள் நினைவில் வைப்பது நன்று. கணவனைச் சோதிக்காமல் மனைவியை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைக்கழிக்கும் வழக்கமும் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு மெட்ஃபார்மின் தனித்து நின்றால் பயன் குறைவு: 2007-இல் வெளியான, 626 பெண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், க்ளோமிஃபீன் உண்டவர்களில் நூற்றுக்கு 22.5 பேரும், மெட்ஃபார்மின் மட்டும் உண்டவர்களில் 7.2 பேருமே குழந்தை பெற்றனர்.

நம் நாட்டில் இந்நோயுடையார் எத்தனை பேர்? 18 முதல் 40 வயது வரையுள்ள 9,824 பெண்களை ஆராய்ந்து 2024-இல் வெளியான இந்திய ஆய்வு, 1990-ஆம் ஆண்டு இலக்கணப்படி நூற்றுக்கு 7.2 பேர் என்றும், 2003-இல் ராட்டர்டாம் நகரில் வகுத்த இலக்கணப்படி 19.6 பேர் என்றும் கணக்கிட்டது. இலக்கணம் மாறத் தொகை இரு மடங்குக்கு மேலாகிறது. எப்படிக் கணக்கிட்டாலும் அரிதான நோயன்று. இவர்களில் பெரும்பாலோர் முடிவில் தாயாகின்றனர். சிலர் மருந்தின் துணையின்றியே.

கடைசியாக ஒரு மருந்தின் கதை. அரசாங்கக் காகிதத்தோடு உறவுடையவர்கள் சிந்திக்கத்தக்கது. மார்பகப் புற்றுநோய்க்குரிய லெட்ரோசோல் என்ற மாத்திரை கருமுட்டையை வெளிப்படுத்த உதவும் என்று கனடாவின் டொராண்டோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் வெளியிட்டனர். 2005-இல் ஒரு மாநாட்டில், அம்மருந்தால் பிறந்த குழந்தைகளுக்கு ஊனம் மிகுதியாகலாம் என்ற ஐயம் எழுப்பப்பட்டது. மறு ஆண்டே 911 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. ஐயத்துக்கு அதில் ஆதரவு கிட்டவில்லை. எனினும் 2011 அக்டோபரில் இந்திய அரசு, கருவுறுதற்காக அம்மருந்தைத் தயாரிப்பதையும் விற்பதையும் நிறுத்தி அறிவிக்கை வெளியிட்டது. இத்தகைய அறிவிக்கைகளை மொழிபெயர்க்க அரைப் பக்கம் போதும். புற்றுநோய்க்கு அதே மாத்திரை கடையில் விற்பனையாயிற்று. பிள்ளை வேண்டுவோர்க்கு மட்டும் இல்லை.

குழந்தையின் நலத்தில் ஐயம் எழுந்தால் அரசு முன்னெச்சரிக்கை கொள்வதை நான் குறை கூறேன். ஐயம் தெளிந்த பின்னும் ஆணை நீடித்ததுதான் வருத்தத்துக்குரியது. 2014-இல் 750 பெண்களைக் கொண்ட ஆய்வு வெளியாயிற்று. ஐந்து மாதச் சுற்றுகள் வரை சிகிச்சை பெற்றவர்களில், லெட்ரோசோல் உண்டவர்களில் நூற்றுக்கு 27.5 பேரும், க்ளோமிஃபீன் உண்டவர்களில் 19.1 பேரும் குழந்தை பெற்றனர். நம் நாட்டுத் தடை 2017-இல் நீக்கப்பட்டது. 2018-இலும் 2023-இலும் வெளிவந்த சர்வதேச வழிகாட்டிகள் லெட்ரோசோலையே முதல் மருந்தாகக் குறித்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய மருந்தும் ஊசிகளும் கிடைத்தன என்பது மெய்; அவற்றால் பயன் பெற்றோரும் உண்டு. பயன் பெறாது காத்திருந்தோரில், அறிவிக்கை வந்தபோது முப்பத்தைந்து வயதாயிருந்த பெண்ணுக்குத் தடை நீங்கியபோது நாற்பதைக் கடந்திருந்தது.