லாராவின் எட்டு நாட்கள்

ஒரு மனிதனின் குணம் குழந்தைப் பருவத்திலேயே உருவாகிறது என்று ஃப்ராய்டு சொன்னது பலருக்கும் தெரியும். ஆனால் அவர் வழிவந்தவர்களில் பலர், குழந்தைக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்பதைவிட அதன் மனதுக்குள் என்ன கற்பனை ஓடியது என்பதைத்தான் தேடினார்கள்.

லண்டனில் உளப்பகுப்பாய்வுப் பயிற்சி பெற்ற டாக்டர் ஜான் பௌல்பிக்கு இது ஒப்பவில்லை. 1938-இல் மெலனி க்ளைன் மேற்பார்வையில் ஒரு சிறுவனுக்குச் சிகிச்சை அளித்தார். சிறுவனின் தாய் கடும் மனப்பதற்றத்தில் இருந்தார். அவரோடு பேசக்கூடாது என்று க்ளைன் தடுத்துவிட்டார். சில மாதங்களில் அந்தத் தாயை மனநல மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பௌல்பி இதை மறக்கவில்லை.

அவருக்கும் ஒரு பழைய காயம் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளை. தாயைப் பார்ப்பது மாலைத் தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம்தான். வளர்த்த ஆயாவும் அவருடைய நான்காவது வயதில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

1944-இல் அவர் 44 சிறுவயதுத் திருடர்களைப் பற்றி எழுதினார். யாரிடமும் ஒட்டாதவர்கள் என்று அவர் வகுத்த 14 பேரில் 12 பேர், சிறு வயதில் தாயை நெடுநாள் பிரிந்திருந்தவர்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துப் பெரிய முடிவுக்கு வரலாமா என்று கேட்டவர்கள் கேட்டது நியாயம்தான்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்துத் தொழிலாளர் குடும்பத்துக்காரர். போர்க்காலத்தில் ஃப்ராய்டின் மகள் அன்னா நடத்திய ஹாம்ப்ஸ்டெட் காப்பகத்தில் கொதிகலனைக் கவனித்துக்கொண்டவர். குழந்தைகளிடம் கண்டதை எல்லா ஊழியரும் அட்டைகளில் எழுதிவைக்க வேண்டும் என்பது அன்னாவின் விதி. கொதிகலன்காரருக்கும் விலக்கில்லை! பார்க்கக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

பின்னர் பௌல்பியோடு சேர்ந்து மருத்துவமனை வார்டுகளுக்குப் போனார். லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அப்போது முதல் மாதம் பெற்றோருக்கு அனுமதி இல்லை. மாலை 7 முதல் 8 வரை, தூங்கும் பிள்ளையை எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அழுகையை நிறுத்திய குழந்தை வார்டுக்குப் பழகிவிட்டது என்றார்கள் செவிலியர்கள். அது பழகவில்லை, நம்பிக்கை இழந்துவிட்டது என்றார் ராபர்ட்சன். சொல்லி யாரும் நம்பாததால் ஒரு சினிமா கேமராவைக் கையில் எடுத்தார்.

லாராவுக்கு வயது இரண்டரைகூட ஆகவில்லை. தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் வார்டில் இருந்தாள். அதிகம் அழவில்லை. கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு, அவ்வப்போது அம்மா எங்கே என்று கேட்டாள். அம்மா வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

1952-இல் ராயல் மருத்துவக் கழகத்தில் படத்தைத் திரையிட்டபோது டாக்டர்கள் கொதித்தார்கள். தங்கள் தொழிலையே அவதூறு செய்வதாகச் சொன்னார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1959-இல், அரசு அமைத்த பிளாட் குழு பெற்றோரை நேரக் கட்டுப்பாடின்றி அனுமதிக்கவும், சிறு குழந்தைகளோடு தாயைத் தங்கவைக்கவும் பரிந்துரைத்தது. எல்லா மருத்துவமனைகளும் அதைக் கேட்க இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

லாரா வீடு திரும்பிச் சில மாதங்களுக்குப் பிறகு, தற்செயலாக அந்தப் படத்தின் ஒரு பகுதியைப் பார்த்துவிட்டாள். உடனே தாயிடம் திரும்பி, அவ்வளவு நேரமும் நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்டு அழுதாள்.