எழுத்தாணிக் கோடும் அச்செழுத்தும்

கையெழுத்தின் சாயலில் அமைந்த மெல்லிய அச்செழுத்துகளைக் கணினிக் காலத்தின் புதுமையெனக் கருதுவாருளர். ஆயின், கையெழுத்தைப் பின்பற்றும் வேட்கை அச்சுக்கலைக்குப் பழையது. 1501இல் வெனிசு நகரில் ஆல்டசு மனூசியசு வெளியிட்ட வேர்ஜிலின் நூல் முழுவதும் சாய்வெழுத்தில் அச்சிடப்பெற்றது. 1557இல் லியோன் நகரில் ரொபேர் கிராஞ்சோன் 'சிவிலிற்றே' என்னும் எழுத்தை வெளியிட்டார். இரண்டும் அவ்வக்காலக் கையெழுத்தை உலோகத்தில் வடித்தவையே.

கண்டிப் பகுதியில் கையெழுத்தென்பது நெடுங்காலம் ஓலையெழுத்தேயாகும். மல்வத்தை, அஸ்கிரியா விகாரைகள் பேணிய ஏடுகள் இதற்குச் சான்று. தாளிப்பனையின் இளவோலையை அவித்து உலர்த்தி மெருகிட்டு, எழுத்தாணியாற் கீறி, பின்னர் கரியும் எண்ணெயும் பூசித் துடைப்பர். கீறலில் மட்டும் கருமை தங்கும். இம்முறையில் எழுத்தின் கோடு எங்கும் ஒரே நுண்மையுடையதாகும். ஓலையின் நரம்போடு ஒத்துச் செல்லும் நேர்கோடு ஓலையைக் கிழிக்குமாதலால் வளைவுகள் பயன் தந்தன. தமிழேடுகளிற் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. மெய்யையும் உயிர்மெய்யையும் இடம் நோக்கியே படிப்பவர் அறிந்தனர்.

இக்கோடு உலோகத்துக்கு எளிதில் இடங்கொடுக்கவில்லை. தமிழெழுத்து 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வாயிலாக அச்சேறியது. 1713இல் செருமனியின் ஆலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழெழுத்துகள் அளவிற் பெரியனவாய்த் தாளை மிகுதியாக விழுங்கியமையால், அங்கேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1737இல் ஒல்லாந்தர் கொழும்பிற் சிங்கள நூலை அச்சிட்டனர். மலைநாட்டு அரசோ அப்பொழுதும் ஏட்டையும் எழுத்தாணியையுமே சார்ந்திருந்தது.

கையெழுத்தின் வரலாற்றுப் பெறுமதியை 1815 மார்ச் 2ஆம் நாளைய கண்டி உடன்படிக்கை உணர்த்துகின்றது. அச்சிட்ட பிரதிகளிற் பிரதானிகளின் பெயர்கள் யாவும் ஒரே வார்ப்பெழுத்தில் நிரல்பட நிற்கின்றன. மூல ஆவணத்திலோ ஒவ்வொரு கையும் வேறு. ஒப்பங்களுட் சில தமிழெழுத்தில் அமைந்தமையை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்; அவற்றைக் கிரந்தமெனக் கொள்வாருமுளர். நாயக்க மன்னர் ஆண்ட அரசவையின் மொழித்தொடர்பை ஆராய்வார்க்கு இவ்வினா முதன்மையானது. அச்சுப் பிரதியை மட்டும் கண்டவர்க்கு இவ்வினாவே எழாது.

இன்றைய மெல்லிய எழுத்துருவின் பயனும் எல்லையும் இதனாற் புலனாகும். மணவழைப்பு, நூற்றலைப்பு, சிறு கவிதை முதலியவற்றில், ஒருவர் தம் கையால் எழுதியளித்த அணுக்கத்தை அது தருகின்றது. நீண்ட உரையைச் சிறிய அளவில் அதில் அமைப்பின் கோடு மங்கும். புள்ளி மறைந்து 'க்' என்பது 'க' ஆகும். ஓலைக் காலத்து இடர்ப்பாடு மீளும்.

மேலும், அவ்வெழுத்துருவில் ஓரெழுத்து எத்துணை முறை வரினும் பொதுவாக ஒரே வடிவினதாகவே தோன்றும். மனிதன் எழுதிய ஈரெழுத்துகள் முற்றும் ஒத்திரா. கையின் சாயலை எழுத்துரு தரலாம். கையின் சாட்சியத்தைத் தரவியலாது. ஆதலின் ஏடுகளை அச்சிற் பதிப்பிப்போர், மூலத்தின் நிழற்படத்தையும் உடன் வெளியிடுதல் வரலாற்றுக்குச் செய்யும் கடமையாகும்.