நரம்பு என்று ஒரு சொல்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நாள் முழுவதும் பவர் டேபிளில் குனிந்து தைத்ததால் கழுத்தில் நரம்பு பிடித்துக்கொண்டது என்பார். ஆஸ்பத்திரிக்குப் போனேன், நரம்பு ஊசி போட்டார்கள் என்பார். வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் நெற்றி நரம்பு புடைத்துக்கொள்ளும் என்று சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொல்வார். மூன்றும் அருமையான தமிழ். ஆனால், உடற்கூற்று சாஸ்திரத்தின்படி மூன்றில் ஒன்றுகூட நரம்பு அல்ல! முதலாவது பெரும்பாலும் தசை. மற்ற இரண்டும் இரத்தக் குழாய்கள்.

இந்தப் பெண்மணியின் பிள்ளைக்கு நரம்பு மண்டலம் என்ற பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்குத் தெரியாத சொல்லாக இருந்தால் தொல்லை இல்லை. தெரிந்த சொல்லாக இருப்பதுதான் தொல்லை. "அதனால்தான் ஐயா, சாஸ்திரத்துக்குத் தமிழ் ஒத்துவராது என்கிறோம்" என்று சொல்லச் சில கனவான்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள்.

அவர்கள் கிரேக்கர்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். இன்று உலகம் முழுவதும் வைத்தியர்கள் சொல்லும் 'நியூரான்' என்ற சொல்லுக்குப் பழைய கிரேக்க மொழியில் தசைநாண் என்றும் வில்லின் நாண் என்றும் பொருள். நம்முடைய யாழ் நரம்புக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன் போலத்தான்! அரிஸ்டாட்டில்கூட அந்தப் பழைய பொருளில்தான் அதை வழங்கினார். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் அலெக்ஸாந்திரியா நகரில் ஹெரோபிலஸ் என்ற வைத்தியர் பிணங்களை அறுத்துப் பார்த்து, தசைநாண் வேறு, இரத்தக் குழாய் வேறு, உணர்ச்சியைச் சுமக்கும் நரம்பு வேறு என்று பிரித்துக் காட்டினார். சொல் மாறவில்லை, பொருள் தெளிந்தது. எந்த மொழிச் சொல்லுக்கும் சாஸ்திர ஞானம் பிறவியிலேயே வந்துவிடுவதில்லை. யாராவது உட்கார்ந்து பிரயாசைப்பட்டு அதைப் புகட்ட வேண்டும்.

தமிழில் அந்தப் பிரயாசையை எடுத்துக்கொண்டவர்களில் முன்னோடி ஓர் அமெரிக்கர் என்பது விந்தைதான். சாமுவேல் பிஸ்க் கிரீன் என்ற பாதிரி வைத்தியர் 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலை வைத்து, உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். 1850-களில் அவர் தமிழாக்கம் செய்ய எடுத்துக்கொண்ட முதல் நூல்களில் ஒன்று கால்வின் கட்டர் எழுதிய உடற்கூற்று நூல். அது வைத்தியர்களுக்கென்று எழுதப்பட்டதல்ல. அமெரிக்காவில் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று எழுதப்பட்ட பாடநூல். அந்தச் சமயத்தில்தான், 1850-ல், ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் காலை வைத்துப் பரிசோதித்து, நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை முதன்முதலாக அளந்தார். அளக்கவே முடியாத வேகம் என்று பெரியவர்கள் நினைத்திருந்தது விநாடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று தெரிந்தது. விஷயம் மேல்நாட்டுக்கே புதிதாக இருந்த நாளிலேயே தமிழில் அதற்கு அஸ்திவாரம் போடப்பட்டுவிட்டது என்பது எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

கிரீன் முதலில் ஆங்கிலத்தில்தான் வகுப்பு நடத்தினார். ஆங்கிலம் படித்தவர்கள் சர்க்கார் உத்தியோகத்தை நாடிப் போனார்கள். கிராமத்து நோயாளி வைத்தியர் இல்லாமலே கிடந்தான். 1864 முதல் அவர் தமிழிலேயே கற்பித்தார். 1873-ல் ஊர் திரும்பிய பிறகும், 1884-ல் கண்மூடும் வரை தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. தமிழர்களுக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று அவருடைய கல்லறையில் எழுதியிருக்கிறது. ஆனால் வகுப்பு நிலைக்கவில்லை. 1870-ல் கொழும்பில் ஆரம்பமான வைத்தியப் பள்ளி ஆங்கிலப் பள்ளியாகத்தான் எழுந்தது.

அந்த நூலிழை மறுபடியும் திருப்பூருக்கு வந்து சேர்வதைப் பாருங்கள். 1903-ல் திருப்பூரில் பிறந்தவர் தி. சு. அவினாசிலிங்கம். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்த அவர், உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழி ஆக்கினார். 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அதன் பயனாகப் பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. அத்துடன் நிற்கவில்லை; 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியம் என்று வேறு பத்துத் தொகுதிகள். தூரனும் கொங்கு நாட்டுக்காரர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெரியவர்களுக்கு எழுதினால் போதாது, சிறுவர்களுக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் ஆசிரியரின் உள்ளம்.

சரி, திருப்பூர்ப் பிள்ளைக்கு நரம்பைப் பற்றி எப்படிச் சொல்வது? உவமைக்கு எங்கும் போக வேண்டாம். நெசவுத் துணியில் பாவும் ஊடும் உண்டு. பனியன் துணியிலோ நூல் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிறது. ஒரு கண்ணி அறுந்தால் ஓட்டை ஏணிபோல இறங்குவதைப் பிள்ளை பார்த்திருக்கும். நரம்பு மண்டலமும் இப்படி இடைவெளியற்ற ஒரே பின்னல்தான் என்று இத்தாலியின் கோல்ஜி நம்பினார். இல்லை, ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்தனி, ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றனவே தவிர ஒட்டிப் பின்னிக்கொள்ளவில்லை என்றார் ஸ்பெயினின் கஹால். வேடிக்கை என்னவென்றால், கோல்ஜி கண்டுபிடித்த சாயமுறையைக் கொண்டே கஹால் இதைக் கண்டார்! 1906-ல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது; பரிசு வாங்கிய மேடையிலும் கோல்ஜி தம் கட்சியை விடவில்லை. 1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் அந்த மெல்லிய இடைவெளியைக் காட்டிக் கஹாலின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "நரம்பு மண்டலம் பனியன் துணி மாதிரி தோன்றும், ஆனால் பனியன் துணி அல்ல" என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை மறக்காது. சூடான அயர்ன் பாக்ஸில் பட்ட கை, வலி தெரிவதற்கு முன்பே விலகிக்கொள்கிறதே, அந்த உத்தரவைக் கொடுப்பது மூளை அல்ல, தண்டுவடம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம்.

இன்று ஒரு புதுச் சங்கடம் உண்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளும் திருப்பூர்ப் பள்ளிகளில் தமிழில் படிக்கிறார்கள். அவர்களுக்கு நம் வீட்டு 'நரம்பு' தெரியாதே என்று கேட்கலாம். இந்தி பேசும் வீடுகளில் 'நஸ்' என்ற ஒரு சொல் புழங்குகிறது. சுளுக்கினாலும் நஸ், ஊசி குத்தினாலும் நஸ், புடைத்தாலும் நஸ்! மொழி வேறானாலும் குழப்பம் ஒன்றுதான். ஆகவே தீர்வும் ஒன்றுதான்.

குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் சொல்லைத் தவறென்று தள்ளிவிட்டு, புரியாத ஒரு சொல்லை மனப்பாடம் செய்ய வைத்தால் அதற்கு மார்க்கு வரும், உடம்பு புரியாது. அந்த வீட்டுச் சொல்லையே எடுத்து, இது தசைநாண், இது இரத்தக் குழாய், இதுதான் நரம்பு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். தையல் மெஷினில் கை வைத்துப் பிழைக்கும் ஊரில், விரல் ஏன் மரத்துப் போகிறது என்று தாய்க்கு எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது அவசியம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.