ஏட்டில் ஏறாத எடை

சைனாடவுன் மாரியம்மன் கோயிலைத் தரிசித்துவிட்டுச் சுரங்க ரயிலேறினோம். நான்காவது நிலையம் ஃபேரர் பார்க். அங்கிறங்கி, ஓவன் ரோட் சிராங்கூன் ரோட்டோடு கூடும் மூலையில் சற்று நின்றோம். வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இடைப்பட்ட அவ்விடத்தில்தான் லியான் யாக் கட்டடம் என்னும் ஆறு மாடிக் கட்டடம் இருந்தது. ஹோட்டல் நியூ வேர்ல்ட் என்பதே ஜனங்கள் வழங்கிய பெயர். கீழே வங்கி, அதன்மேல் இரவு விடுதி, அதற்கும் மேலே தங்கும் அறைகள்.

1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகல், ஒரு நிமிஷமும் ஆகுமுன் அது முழுதும் சரிந்து விழுந்தது. மாண்டவர் 33 பேர். உயிரோடு மீட்கப்பெற்றோர் 17 பேர்.

குண்டு என்றனர் சிலர். வாயுக் கசிவு என்றனர் வேறு சிலர். அப்பொழுது நகரில் நடைபெற்று வந்த ரயில் சுரங்க வேலையின்மீதும் ஐயம் பாய்ந்தது. வேடிக்கை யாதெனில், இடிபாட்டினுள் வழி குடைந்து சென்று மனிதரை இழுத்து வந்தோருள் அச்சுரங்க வேலைக்காரரே முன்னின்றனர்! தலைவிதி என்று கூறி அமைந்தோரும் இல்லாமற் போகவில்லை. அரசாங்கம் அவ்வாறு அமையாது விசாரணைக் குழுவொன்றை நியமித்தது நன்றே.

குழு கண்ட காரணம் நம்மைப் போன்ற கிராணிகளைத் திடுக்கிடச் செய்வது. 1971-இல் எழுந்த அக்கட்டடத்தைத் திட்டமிட்டவர் தகுதி பெறாத வரைவாளர் ஒருவர். உள்ளே வந்து போகும் மனிதர், மேசை நாற்காலி ஆகியவற்றின் சுமை கணக்கிற் சேர்ந்திருந்தது. சுவர், தூண், தளம் என்னும் கட்டடத்தின் சொந்த எடையோ ஏட்டில் ஏறவேயில்லை! தன்னைத் தானே தாங்க மாட்டாத தூண்கள் பதினைந்து ஆண்டு நின்றதே வியப்பு. பின்னர்க் கூரைமேல் ஏற்றிய குளிரூட்டும் பொறிகளும், வங்கியின் இரும்பறையும், முகப்பிற் பதித்த ஓடுகளும் பாரத்தை மிகுத்தன. தூண்களில் வெடிப்பும் முன்னரே தோன்றிற்று. ஆயினும் கட்டடத்தில் அலுவல் நிற்கவில்லை.

அன்று அங்கு வேலை செய்து மாண்டவர் இழைத்த பிழை யாது? ஒன்றுமில்லை. ஜேம்ஸ் ரீசன் என்னும் ஆங்கில உளவியலறிஞர் 1990-இல் 'மனிதப் பிழை' பற்றி எழுதிய நூலில், களத்தில் நிற்போன் கைதவறுவது ஒருவகை, நெடுநாள் முன்னரே வேறெவராலோ விதைக்கப்பெற்று உறங்கிக் கிடப்பது மற்றொரு வகை எனப் பிரித்துக் காட்டினார். சிராங்கூன் ரோட்டிலே விளைந்தது இரண்டாவது.

1989-இல் சிங்கப்பூரில் சட்டம் பிறந்தது. ஒருவர் போட்ட கணக்கை அவரோடு தொடர்பற்ற வேறொரு பொறியியலார் முதலிலிருந்து தாமே போட்டுப் பார்க்க வேண்டும். கட்டி முடிந்தபின்னும் குடியிருப்புகளைப் பத்தாண்டுக்கொரு முறையும் ஏனையவற்றை ஐந்தாண்டுக்கொரு முறையும் சோதிக்க வேண்டும்.

நாம் முன்பு வேலை பார்த்த தோட்டமொன்றில், செக்ரோலில் ஒரு பக்கத்துக் கூட்டுத் தொகையை நாம் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோக மறந்தோம். மூவர் கையொப்பமிட்டனர், ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. சம்பள நாளன்று குறைந்த கூலியோடு பால்வெட்டுக்காரர் வாசலில் வந்து நின்றபொழுது ஏச்சு முழுதும் நமக்கே கிட்டியது. பிழை நம்முடையதே; மறுக்கவில்லை. இனிமேல் இரண்டாமவர் தனியே கூட்டிப் பார்த்தல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். நாம் அவ்விடம் விட்டு வருமட்டும் மூன்று கையொப்பங்களே தொடர்ந்தன.